ஹாலிஃபாக்ஸுக்கு வைத்த உலை

எங்கள் அம்மா வீட்டில் வெளியே கிளம்புகிறவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கக் கூடாது. எங்கே போகிறாய் என்பது ஒன்று, எப்போது வருவாய் என்பது இன்னொன்று. ஏரிக்கோ கடலுக்கோ போகிறவரிடம் இப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது. பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் ஊரான தோணிரேவில் பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். யாராவது தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பியவர் திரும்பி வந்து, வலையை இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். சின்ன வயதில் வாய்த்துடுக்கில் நான் நைனாவைப் பல தடவை தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறேன். அதற்கு அம்மாவிடம் முதுகில் வாங்கியும் இருக்கிறேன்.

ஆனால் சோறு வடிக்கிறவளுக்கு நேரம் தெரிய வேண்டாமா? அதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நைனா முகத்துவாரத்துப் பக்கம் வலையை இழுத்து முடித்துப் படகைத் திருப்பும்போது போன் செய்வார். அம்மா வேறு எதுவும் பேச மாட்டாள். "உலை வெக்கட்டா?" என்பாள். "வெய்யி" என்று பதில் வந்தால், சோறு வடித்து முடிப்பதற்குள் படகு கரையில் இருக்கும். "இப்ப வேணா" என்றால் இன்னும் ஒரு வலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை. என் தம்பி கனடாவிலிருந்து ஊருக்கு வந்த வாரம்தான் பிசகியது.

நான் வாழ்க்கைப்பட்டது திருப்பாலைவனத்தில். நெல் விளைகிற ஊர். என் கணவர் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தினமும் அந்த ஆட்டோவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நான், ஒரு கட்டத்தில் இறங்காமலேயே இருந்துவிட்டேன். காதல் கல்யாணம். அவருக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும். "எங்க போவணும்?" என்று பத்துப் பேரைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைக்குப் பிழைப்பே. அதைக் கேட்கக் கூடாது என்று சொல்கிற வீட்டில் பெண் எடுத்திருக்கிறார், பாவம்.

தம்பி இருப்பது ஹாலிஃபாக்ஸில். கனடாவின் கிழக்குக் கரையில், ஏறக்குறைய நம் பழவேற்காட்டைப் போலவே கடலைப் பார்த்த ஊர்தான். ஆனால் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற பழவேற்காடு. அங்கே ஒரு மீன் கம்பெனியில் சிங்கி இறாலைச் சுத்தம் செய்து பெட்டியில் அடுக்குகிற வேலை. போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. அவன் போன புதிதில் என் மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனோ பனியில் நிற்கிறான். வேறு வழியில்லாமல் பையனை நைனா மடியில் வைத்து, பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டோம். வீடியோவில் தம்பி தலையை வாரி, புதுச் சட்டை போட்டு, அந்த ஊர் நடுராத்திரியில் உட்கார்ந்திருந்தான். ஊசி உள்ளே போகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

"மாமன் சீரு போன்லயே வந்துடுச்சு போல" என்றார் என் மாமியார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றுவரை பதில் சிரிப்பு சிரிக்கவில்லை. அன்று மாலை தம்பி மறுபடி கூப்பிட்டு, "அக்கா, அடுத்ததுக்கு நான் நேர்ல வந்து மடியில உக்கார வெச்சிக்குறேன்" என்றான். அப்போது அடுத்தது என்று ஒன்று இல்லவே இல்லை. அவன் வாய் முகூர்த்தம், பிறந்துவிட்டாள். இப்போது அவளுக்கு மூன்று வயது. தம்பிக்கு லீவு கிடைக்கிற மாதிரி பார்த்து ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறித்தோம். காலை ஒன்பது மணிக்குள் குத்தி முடிக்க வேண்டும். இடம் திருப்பாலைவனத்துக் கோயில்.

எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. சீர்த் தட்டு குறைந்தாலும் பரவாயில்லை, சாப்பாட்டில் வடை பாயசம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என் மகள் என் தம்பி மடியில் உட்கார வேண்டும். என் மாமியார் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"முகூர்த்தத்துக்கு வந்துடுவேங்கா" என்று தம்பி சொன்னான். எத்தனை மணிக்கு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். என் கணவர்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

"டிக்கெட்ல டைம் போட்டிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டா தீந்துச்சு."

"நீங்க கேட்டாலும் கேட்டதுதான் மாப்ள. பிள்ள ஆகாசத்துல வர்றான். சும்மா இருங்க" என்றாள் அம்மா.

கேட்கக் கூடாது, சரி. கணக்குப் போடலாமே? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோணிரேவில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் போனைத் தட்டினார். ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று வந்தது. அதைச் சத்தமாகப் படித்தார். அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிரவில்லை. நைனா வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டே, "நம்மூர்லேர்ந்து சுண்ணாம்புக்குளம் போற மாதிரி எத்தினி தபா?" என்றார்.

என் கணவர் அதையும் தட்டிப் பார்த்து, நூற்றுக்கணக்கில் ஓர் எண்ணைச் சொன்னார். நைனா பாசி பிய்ப்பதை நிறுத்தினார். மகன் போயிருக்கிற தூரம் அவருக்கு இப்போதுதான் உறைக்கிறது, பாவம், என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

"அடேங்கப்பா, டீசல் இன்னாத்துக்கு ஆவும்!" என்றார் நைனா.

விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் போகும் என்று வைத்தால் பதினாலு மணி நேரம், நடுவில் எங்கேயோ வண்டி மாறுவதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் என் கணவர். அதெல்லாம் ஆகாது என்றார் நைனா. "அவன் மேக்கால இருந்து வர்றான். கச்சான் காத்து பின்னால தள்ளும். நீ சொல்றதுக்கு முன்னயே வந்துருவான்."

அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "காத்து தள்ளட்டும். பாரம் இன்னா பண்ணும்? போவசொல்ல ஒத்தப் பொட்டி எடுத்துக்கினு போனான். வரசொல்ல ரெண்டு பொட்டி நெறைய வாங்கிக்கினு வர்றான். பிளேன்ல இருக்குற அத்தினி பேரும் அப்டித்தான வருவாங்கோ? காலி படகு ஓடுற மாதிரி ரொம்புன படகு ஓடுமா?"

அம்மா சும்மா சொல்லவில்லை. அவளிடம் சாட்சி இருந்தது. எங்கள் தெருவில் குவைத்துக்குப் போகிற ஆண்கள் விடிகாலையில் ஏறினால் அங்கே காலை டிபனுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது சாயங்காலம் ஏறி நடுராத்திரி தாண்டித்தான் சென்னையில் இறங்குகிறார்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் இப்படித்தான். பாரம் இல்லை என்றால் வேறு என்ன காரணம்?

"அத்தை, அங்க கடியாரம் வேற. நமக்குப் பின்னால ஓடுது" என்றார் என் கணவர்.

"கடியாரம் பின்னால ஓடுனா பிளேன் முன்னால பூடுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா மீனை அலசப் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், பாரக் கணக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "கெளம்பிட்டேன்." கூடவே ஒரு படம்: கண்ணாடி ஜன்னல், வெளியே ஒரு விமானத்தின் வால், அதன் மேல் சாயங்கால வெயில். இங்கே விடிகிற நேரத்தில் அங்கே பொழுது சாய்கிறது. அம்மா படத்தைச் சாமி மாடத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டிவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாள்.

பத்து, பத்தரை மணி இருக்கும். அம்மா போனே அடித்தது. தம்பிதான். லண்டனில் இறங்கி, அங்கே இலவசமாகக் கிடைக்கிற வைஃபையில் கூப்பிட்டிருக்கிறான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அம்மா மீன் கையோடு ஓடி வந்து, போனைக் காதில் வைத்து, வழக்கம்போல ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உலை வெக்கட்டாடா?"

நாலு வருஷம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டதாம். லண்டன் எங்கே, தோணிரேவு எங்கே என்று யோசிக்காமல், "வெய்யிமா" என்றான். அதோடு லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை விவரிக்க எனக்குத் திராணி இல்லை. "வெய்யின்டான்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா பெரிய பானையில் உலை வைத்தாள். அவனுக்குப் பிடித்த மடவை மீன் குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. நைனா வலையை அப்படியே போட்டுவிட்டு வெள்ளை வேட்டிக்கு மாறினார். "கச்சான் காத்து தள்ளிக்கினு வந்துட்ச்சு பாத்தியா?" என்று அம்மாவைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு.

"மாமா, விடிகாலைலதான் ஏறுனான். இன்னும் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டான்" என்று என் கணவர் கத்தினார்.

"உலை வெக்கச் சொல்லிட்டான் மாப்ள!" என்றார் நைனா. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மறுநாளைக்குப் பேசி வைத்திருந்த வேனை அப்போதே வரவழைத்து, இரண்டு பேரும் கிளம்பினார்கள். படகு கரைக்கு வருகிறபோது வீட்டு ஆண்கள் கரையில் நின்று பிடித்து இழுக்க வேண்டும். விமானம் மட்டும் என்ன உசத்தி?

விமான நிலையத்தில் நடந்ததை என் கணவர் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். பயணிகள் வெளியே வருகிற வாசலுக்கு எதிரே ஒரு கம்பித் தடுப்பு. நைனா அதைப் படகின் விளிம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கதவு திறக்கும்போதெல்லாம், "வந்துட்டான்!" வருகிறவர்கள் தள்ளுகிற பெட்டிகளைப் பார்த்து, "எல்லாருக்கும் நல்ல பாடு போல மாப்ள" என்று சந்தோஷப்பட்டாராம். எங்கள் ஊரில் வலையில் விழுந்த மீனைத்தான் பாடு என்போம். மதியம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. வேன்காரர் தனக்கு வேறு சவாரி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். "வாங்க மாமா, வீட்டுக்குப் போய்ட்டு விடிகாலைல வரலாம்" என்று இவர் கூப்பிட்டிருக்கிறார். நைனா நகரவில்லை.

"படகு வர்ற நேரத்துல கரைய வுட்டுட்டுப் போவாங்களா?"

இவரும் நகரவில்லை. மாமனாரை அப்படி விட்டுவிட்டு வர இவருக்கு மனசு வரவில்லை. அதை இவர் என்னிடம் சொல்லவே இல்லை, நைனாதான் சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காக இவருடைய எல்லாக் கணக்கையும் நான் மன்னித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும் பிள்ளைகளோடும் சீர்த் தட்டுகளோடும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் பச்சைப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். காது குத்துகிற பத்தர் ஊசியும் தோடும் எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டார். மாமியார் பட்டுப் புடவையில் தூணோரம் நின்றார். ஆண்கள் மூன்று பேரையும் காணவில்லை.

"பையன் இறங்கிட்டானாமா?" என்று மாமியார் கேட்டார்.

இறங்கிவிட்டான். விடிகாலையில் இறங்கி, நைனாவைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு வெளியே வந்தால் வண்டி இல்லை. போனில் கூப்பிட்ட கார்க்காரர்கள் எல்லாரும் போகிற ஊரைக் கேட்டதும் கேன்சல் செய்துவிட்டார்கள். பார்த்தீர்களா, எங்கே போகிறாய் என்று கேட்டால் காரியம் விளங்காது என்று எங்கள் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? கடைசியில் மூன்று பேரும் இரண்டு பெட்டிகளோடு மின்சார ரயில் ஏறி, நடுவில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி, பொன்னேரி ரயிலைப் பிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்தபடியே வந்தவன், சென்னைக்குள் நின்றுகொண்டு வந்தான்.

எட்டு மணி தாண்டியது. குருக்கள் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே இருக்கிறீர்கள், எப்போது வருவீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் நாக்கு நுனியில் நின்றன. அம்மா கண்ணை உருட்டினாள். சுற்றி மாமியார் வீட்டுச் சொந்தம் முழுக்க நிற்க, கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு நான் கேட்டேன்: "இன்னாங்க, உலை வெக்கட்டுமா?"

அந்தப் பக்கம் ரயில் சத்தம். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அரிசியக் களைஞ்சு வெய்யி. உலை இப்ப வேணா" என்றார்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "மாப்ள கத்துக்கினாரு! இன்னும் பொன்னேரி வரலடி, ஆனா கிட்ட வந்துட்டாங்கோ" என்று மொழிபெயர்த்தாள். மாமியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாடுதான் மண்டபத்தில் தயாராகிறதே, இவர்கள் எங்கே உலை வைக்கப் போகிறார்கள் என்று அவருக்குக் கவலை.

நேரம் போனது. "முகூர்த்தம் தாண்டிடப் போவுதும்மா. யாரு மடியிலயாவது உக்கார வெச்சிடலாமே?" என்று மாமியார் மெதுவாகச் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது. அப்போது போன் அடித்தது. என் கணவர் எடுத்த எடுப்பில், நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "வெய்யி வெய்யி வெய்யி!" என்று கத்தினார். பின்னால் ஆட்டோ சத்தம். பொன்னேரி ஸ்டாண்டில் கூட்டாளி ஒருவரின் ஆட்டோவை வாங்கிக்கொண்டு பறந்து வருகிறார்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ கோயில் வாசலில் வந்து நின்றது. முதலில் ஒரு பெரிய பெட்டி இறங்கியது, அதைத் தலையில் வைத்தபடி நைனா. பின்னால் என் தம்பி. கொஞ்சம் வெளுத்திருந்தான், கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். "அக்கா" என்றான். அவன் கன்னத்தில் ஓர் அடி வைத்தேன், பிறகு அதே கன்னத்தைத் தடவினேன். "அழுவுறதுக்கு அப்பறம் நேரம் இருக்குது" என்று அம்மா இரண்டு பேரையும் மண்டபத்துக்குள் தள்ளினாள். தம்பி குழாயில் முகம் கழுவி, வேட்டி மாற்றி, பத்தருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

"வாடா தங்கம். மாமா மடிக்கு வா."

என் மகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வீறிட்டு அலறி என் புடவைக்குள் புகுந்துகொண்டாள்.

தூக்கி வைத்தோம், வழுக்கிக்கொண்டு ஓடினாள். மிட்டாய் காட்டினோம், மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடினாள். "மாமாடி, தெனமும் பேசுவியே, அந்த மாமாடி" என்று அம்மா கெஞ்சினாள். மகள் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்த மாமா போன் அகலம்தான் இருப்பார். இந்த ஆள் யாரோ. தம்பி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு இந்த இரண்டடியைத் தாண்ட முடியவில்லை.

பிறகு அவன் திடீரென்று எழுந்தான். "மச்சான், ஹாட்ஸ்பாட் போடுங்க" என்றான். தன் போனை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான். என் கையில் இருந்த போன் அடித்தது. வீடியோ கால். நான் அதை மகளுக்கு நேரே பிடித்தேன்.

"ஏய் வாலு! இன்னா பண்றே?" என்றது போன்.

அழுகை நின்றது. "மாமா! பச்சைப் பாவாடை" என்று பாவாடையை விரித்துக் காட்டினாள். "பூ எங்க?" என்றான். தலையைத் திருப்பிப் பூவைக் காட்டினாள். பேசிக்கொண்டே தம்பி தூணுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தான். போனிலும் மாமா, எதிரிலும் மாமா. மகள் போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். எட்டி அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, போனுக்குள்ளிருந்து இவன் எப்படி வெளியே வந்தான் என்ற கேள்வியை ஒத்தி வைத்துவிட்டு, ஏறி மடியில் உட்கார்ந்தாள்.

ஊசி உள்ளே போனது. அவள் அழுதாள். அவனும் அழுதான். இந்தத் தடவை சிக்னல் போகவில்லை. நான் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும் என்று நாலு வருஷமாக வைத்திருந்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தோணிரேவில் அம்மா சனிக்கிழமைக் குழம்பைச் சூடாக்கிப் போட்டாள். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. "நேத்தே உலை வெச்சது நல்லதாப் போச்சு பாத்தியா" என்றாள். பிளேன் லேட்டாக வந்ததற்குக் காரணம் பெட்டிகள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நைனா அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தவர் என்பதால் எதிர்த்துப் பேசவில்லை. அவருடைய காற்றுக் கட்சி அன்றோடு கலைந்துவிட்டது.

தம்பி மூன்று வாரம் இருந்தான். அவன் கொண்டுவந்த பேசுகிற பொம்மையை மகள் ஒரு நாளோடு மறந்துவிட்டாள். பழவேற்காடு கடைத்தெருவில் வாங்கித் தந்த செப்புச் சாமான்தான் அவளுக்குப் பிடித்தது. சின்ன அடுப்பு, சின்னப் பானை, சின்னக் கரண்டி. தினமும் அவனுக்கு மணல் சோறு போட்டாள். அவன் தெருவுக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் நின்று அம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்து, "உலை வெக்கட்டா?" என்று கேட்பாள். அவன் "வெய்யி" என்பான்.

திரும்பிப் போகிற நாளில் எல்லாரும் விமான நிலையத்துக்குப் போனோம். உள்ளே போகிற வாசல் வரைதான் எங்களை விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நைனா பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவன் எல்லாரிடமும் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினான். என் கணவர் இடுப்பில் இருந்த மகள், திருப்பாலைவனத்தில் வளர்கிற பிள்ளை, வழக்கம் தெரியாத பிள்ளை, சத்தமாகக் கேட்டாள்.

"மாமா, எப்போ வருவே?"

அம்மாவின் கை அவள் வாய்க்குப் போவதற்குள் கேள்வி வெளியே வந்துவிட்டது. தம்பி நின்றான். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தான். அங்கே இருந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவிடம் தண்ணீருக்குக் கை நீட்டினான். ஒரே ஒரு வாய் தண்ணீர்தான் முறை. அதை அவன் குடித்துக்கொண்டே இருந்தான். நைனா அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பாட்டில் காலியான பிறகுதான் எழுந்தான். மகளின் காதருகே குனிந்து, புதுத் தோட்டைத் தொட்டு, "உலை வெய்யி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செப்புச் சாமானை எடுத்தாள். கூடத்து மூலையில் அடுப்பை வைத்து, அதன் மேல் பானையை ஏற்றி, கரண்டியால் ஒரு தடவை கிளறிவிட்டு, விளையாடப் போய்விட்டாள். அதன் பிறகு அதை இறக்க விடவில்லை. மாமியார் ஒரு நாள் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். பிள்ளை அழுத அழுகையைப் பார்த்து அவரே திரும்பக் கொண்டுவந்து வைத்தார். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. தினமும் காலையில் கூடத்தைப் பெருக்கும்போது நான் அந்த அடுப்பைச் சுற்றித்தான் பெருக்குகிறேன்.